எண்ணெய் முறையில் போன கடிதம்

குழல்வாய்மொழியின் நெஞ்சு அடிப்பது ஊருணித் தெரு முழுக்கக் கேட்கத் தொடங்கியது, அவள் மூன்றாவது மருத்துவக் கல்லூரியின் நுழைவுத் தேர்வையும் எழுதிவிட்டு பஸ்ஸை விட்டு இறங்கி வந்த ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம். பெண்கள் மிஞ்சின பீடி இலையை ஈரச்சாக்கில் சுற்றி வைத்துவிட்டு, மடியில் ஒட்டின தூளைத் தட்டிக்கொண்டு எழுந்திருக்கிற நேரம். முதலில் ஆவுடைத்தங்கம் வீட்டுப் பித்தளைக் குடத்தில் கேட்டது. எலி விழுந்திருக்கிறது என்று அவள் குடத்தைக் கவிழ்த்தாள். எலி இல்லை, கவிழ்த்த குடத்திலும் கேட்டது. பிறகு அடுத்த வீட்டு அண்டாவில், அதற்கடுத்த வீட்டுச் சுவரில், தெருக்கிணற்று உறையில், அம்மன் கோவில் மணியின் நாக்கில் என்று ஒவ்வொன்றாக ஏறி, விளக்கு வைப்பதற்குள் முப்பத்தோரு வீட்டிலும், யாரோ ஈரத்துணியைக் கல்லில் மெத்தென்று போட்டுப் போட்டு எடுப்பதுபோல நிதானமாகக் கேட்டுக்கொண்டிருந்தது. மேற்கே தண்ணீர்க் குழாய் வரைக்கும், கிழக்கே அம்மன் கோவில் படி வரைக்கும். படியைத் தாண்டி ஒரு எட்டு வைத்தால் வெறும் காற்றுதான்.

யாருடையது என்று கண்டுபிடிக்க யாரும் மெனக்கெடவில்லை. குழலியின் அம்மை உலகம்மை, நூலைப் பல்லால் கடித்துக்கொண்டே, தலையை நிமிர்த்தாமல் சொன்னாள்:

"இது எங்க குழலி நெஞ்சுல்லா."

"எப்படிக் கண்டிய மைனி?" என்றாள் ஆவுடைத்தங்கம்.

"பத்து மாசம் கேட்டிருக்கேன். எனக்குத் தெரியாதா."

ஏன் கேட்கிறது என்றும் யாரும் கேட்கவில்லை. எத்தனை நாளைக்குக் கேட்கும் என்றுதான் கேட்டார்கள். மூன்று கல்லூரியில் ஏதாவது ஒன்று இன்டர்வியூவுக்குக் கூப்பிட்டுக் கடிதம் போடுகிற வரைக்கும் இருக்கும் என்று குழலி வெட்கப்பட்டுக்கொண்டு சொன்னாள். அப்படியானால் சரி என்று எல்லோரும் சாப்பிடப் போனார்கள்.

ஒரு வாரத்தில் தெரு அதற்குப் பழகிவிட்டது. பழகியது என்றால், கைதான் முதலில் பழகியது. ஓர் அடிக்கு இலையில் தூளை வைத்து, மறு அடிக்கு உருட்டி, அதற்கடுத்த அடிக்கு நுனியை மடக்கி நூலைச் சுற்றினால் பீடிகள் ஒரே அச்சில் வார்த்ததுபோல வந்தன. பீடிக்கடைச் செக்கர் பிறைசூடன், முகத்தில் சிரிப்பு என்பதே இல்லாத மனிதர், ஊருணித் தெருக் கட்டுகளைப் புரட்டிப் பார்த்துவிட்டு "மெஷின் கிஷின் வாங்கிட்டியளா?" என்று கேட்டார். தளவாய்க்கிழவனின் நெஞ்சு பத்து வருஷமாக நாலடிக்கு ஓரடி தவறிக்கொண்டிருந்தது. அது இப்போது பக்கத்து நெஞ்சின் தோளில் கையைப் போட்டுக்கொண்டு ஒழுங்காக நடந்தது. கவர்ன்மெண்ட் ஆஸ்பத்திரி டாக்டர் ஒருநாள் வந்து, குழாயை முதலில் குழலியின் மார்பில் வைத்துக் கேட்டார், பிறகு சுவரில் வைத்துக் கேட்டார், இரண்டும் நல்ல ஆரோக்கியமாக இருக்கிறது என்று சொல்லி, கொடுத்த கலர் சோடாவைக் குடித்துவிட்டுப் போனார்.

சண்டை போடுகிறவர்கள் மட்டும்தான் சிரமப்பட்டார்கள். தெருவுக்குள் சத்தம் போட்டால் குழலி பதறுவாள், அவள் பதறினால் முப்பத்தோரு வீடும் பதறும். அதனால் புருஷனும் பெண்டாட்டியும் வாயை இறுக்கி மூடிக்கொண்டு ஒருவர் பின்னால் ஒருவராக அம்மன் கோவில் படியைத் தாண்டிப் போய், அங்கே நின்று ஒருவரையொருவர் ஏழு தலைமுறைக்கு ஏசிவிட்டு, முகத்தைத் துடைத்துக்கொண்டு திரும்பி வந்தார்கள். நடக்கிற தூரத்தில் பாதிச் சண்டை தீர்ந்துபோனது.

இங்கே உலகம்மையின் கையைப் பற்றிச் சொல்ல வேண்டும். புருஷன் பம்பாயில் ஒரு இட்லிக்கடையில் மாவாட்டப் போய்ப் பன்னிரண்டு வருஷம். அந்தப் பன்னிரண்டு வருஷமும் அவள் வீட்டில் அடுப்பெரிந்தது அவளுடைய வலது உள்ளங்கையால். பீடிக்கட்டை அதில் வைத்து ஒருதரம் ஏந்தினாள் என்றால் போதும். ஒரு பீடி குறைந்திருந்தால் தெரியும், தூள் இளைத்திருந்தால் தெரியும், இலைக்கு ஈரம் கூடியிருந்தால் தெரியும். "கழிவு" என்று ஓரமாக வைப்பாள். அதையே கடைக்குக் கொண்டுபோனால் பிறைசூடன் தராசில் போட்டுப் பார்த்து "கழிவு" என்பார். தெருவில் எல்லோருமே தங்கள் கட்டுகளைக் கடைக்குப் போகும் முன் அவள் கையில் ஒருதரம் வைத்து வாங்கிக்கொண்டுதான் போவார்கள். அந்தக் கை இரண்டாந்தரம் ஏந்தியதில்லை. இரண்டாந்தரம் ஏந்தினால் கைக்கு என்ன மரியாதை.

முதல் கடிதம் ஜூன் மாசத்தில் வந்தது. தபால்காரர் மரியசெல்வத்தின் சைக்கிள் மணி குழாயடியில் கேட்டதுமே குழலியின் நெஞ்சு ஓட ஆரம்பித்து, தெருவில் பதினெட்டுக் கத்தரிகள் தடம் மாறின. ஆவுடைத்தங்கம் கட்டைவிரலை வெட்டிக்கொண்டாள். குழலி நின்றபடியே பிரித்தாள். ஒற்றைத் தாள்.

"இல்லையாம்" என்றாள்.

அதற்குப் பிறகு அவள் நெஞ்சு ஓடவில்லை, இறங்கியது. ஓர் அடி விழுந்தால் அடுத்தது விழுவதற்குள் கிணற்றில் வாளி தரைதட்டுகிற நேரம் ஆனது. விழுமா, விழாதா என்று முப்பத்தோரு வீட்டிலும் சோற்றுருண்டையைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள். நாலு நாள் அப்படி. இரண்டாவது கடிதம் இன்னும் மோசம். அதுவும் ஒற்றைத் தாள். அன்றைக்கு நெஞ்சு இறங்கியது மட்டுமில்லை, கோணியது. தளவாய்க்கிழவன் குழாயடியில் குடத்தோடு விழுந்தான். எட்டு மாசமாக இருந்த இசக்கிக்கு நட்ட நடுப்பகலில் வலி வந்து, தேங்காய் நெற்று அளவில் ஒரு பெண்பிள்ளை பிறந்தது. பிழைத்தது. ஆனால் அதன் பிறகு குழலியின் நெஞ்சு நிதானமாக அடித்தால்தான் அது உறங்கும். இல்லையென்றால் நீலம் பாரித்து அழும்.

இசக்கியின் பிள்ளைக்குத் தலைக்குத் தண்ணீர் விட்ட அன்று பெண்கள் குழாயடியில் கூடினார்கள். ஆவுடைத்தங்கம்தான் பேசினாள்.

"மைனி, ஒங்க மவ டாக்டராவட்டும், மகராசியா வரட்டும், நாங்க வேண்டாங்கல. இந்தத் தெருவுல இருமல் இல்லாத நெஞ்சு எது இருக்கு, நாளைக்கு அவதான் வந்து பாக்கணும். ஆனா இன்னொரு கடுதாசி இப்படி வந்தா இந்தத் தெரு தாங்காது."

"நான் என்னத்தச் செய்ய மைனி? கடுதாசிய நானா எழுதுதேன்?"

"நான் பொதுவாச் சொல்லுதேன்."

பொதுவாகச் சொன்னது அப்படியே குழாயடியில் கிடந்தது, மூன்றாவது கடிதம் வருகிற வரைக்கும்.

அது ஜூன் இருபத்தேழாம் தேதி, குழலி இலை வாங்கக் கடைக்குப் போயிருந்த நேரம் வந்தது. மரியசெல்வம் மணி அடிக்கவில்லை. சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்து, உலகம்மையின் முன்னால் நின்று, "யக்கா" என்று மட்டும் சொல்லி நீட்டினார். சுற்றிப் பெண்கள் கத்தரியை வைத்துவிட்டுப் பார்த்தார்கள். உலகம்மைக்கு இங்கிலீஷ் தெரியாது. அவளுக்குத் தெரிந்ததை அவள் செய்தாள். உறையை வலது உள்ளங்கையில் வைத்து ஒருதரம் ஏந்தினாள்.

ஒற்றைத் தாள். முன்னால் வந்த இரண்டும் எந்த எடையோ, அதே எடை. உள்ளங்கையின் நடுவில், ரேகைகள் சேருகிற இடத்தில், ஏதோ ஒன்று லேசாகத் தயங்கியது. ஒரு கண் இமைக்கிற நேரம். அவள் இரண்டாந்தரம் ஏந்தவில்லை.

"கழிவு" என்றாள்.

குழலி வெகுதூரத்தில், கடை வாசலில் எதற்கோ சிரித்திருக்க வேண்டும். ஆவுடைத்தங்கத்தின் குடத்தில் நெஞ்சு ஒரு துள்ளுத் துள்ளியது.

"அம்மன் கொடை முடியட்டுமே" என்றாள் ஒருத்தி. "பத்து நாள்தானே. நல்ல நாளும் பொழுதுமா எதுக்கு."

"பிரிச்சுப் பாத்துட்டா?"

மரியசெல்வம் பதறிப்போனார். "அடுத்தவ தபாலப் பிரிக்கப்பிடாது. சட்டப்படி குத்தம். என் வேலையே போயிரும்."

பிரிப்பது குற்றம் என்று தெரிந்ததும் எல்லோருக்கும் நிம்மதியாக இருந்தது. ஒளித்து வைப்பது பிரிப்பதில்லையே.

எங்கே வைப்பது என்பதுதான் சிக்கல். உலகம்மை வீட்டில் வைக்க முடியாது, குழலி கண்ணில் படும். வேறு ஒருத்தி வீட்டில் மொத்தமாக வைக்க எவளும் சம்மதிக்கவில்லை. அந்தப் பாவத்தை ஒரு வீடு மட்டும் ஏன் சுமக்க வேண்டும். கடைசியில் அது எண்ணெய் முறையோடு சேர்ந்தது. ஊருணித் தெருவில் அம்மன் விளக்குக்கு ஒரு வீட்டுக்கு ஒரு நாள் எண்ணெய். எண்ணெய்த் தூக்குவாளி சாயங்காலம் சாயங்காலம் அடுத்த வீட்டுக்குப் போகும், மழையானாலும் சாவானாலும் போகும், முப்பத்தோரு நாளில் புறப்பட்ட வீட்டுக்கே திரும்பி வரும். அன்றைக்கு வாளி ஆவுடைத்தங்கம் வீட்டில் இருந்தது. கடிதத்தை வாளிக்கு அடியில் வைத்தார்கள். இனி அது மேற்கே போய்த் திரும்பி, எல்லோர் வீட்டிலும் ஒரு நாள் தங்கி, கடைசியில்தான் உலகம்மை வீட்டுக்கு வரும். முப்பது நாள் என்று அவள் மனசுக்குள் எண்ணிக்கொண்டாள்.

அந்த நாட்கள் மாதிரி நல்ல நாட்களைத் தெரு பார்த்ததில்லை. தினமும் பதினொரு மணிக்கு மரியசெல்வம் வருவார். குழலி வாசல் நடைக்கு வருவாள்.

"இருக்கா அண்ணாச்சி?"

"இல்லம்மா" என்பார் சைக்கிள் மணியைப் பார்த்துக்கொண்டு.

நெஞ்சு ஒரு துள்ளுத் துள்ளி, ஒரு படி இறங்கி, மறுபடி பழைய நடைக்கு வந்துவிடும். அந்தத் துள்ளலுக்கும் தெரு பழகிவிட்டது. அதைக் கேட்டதும் அடுப்பில் உலை வைத்தார்கள். இசக்கியின் பிள்ளைக்குக் கன்னத்தில் சதை பிடித்தது. தளவாய்க்கிழவன் குடத்தைத் தூக்கிக்கொண்டு நடந்தான். கொடைத் திருவிழா வந்து, மேளம் அடித்து, மேளக்காரன் தன்னையறியாமல் குழலியின் நெஞ்சுக்கே அடித்துவிட்டுப் போனான். கொடை முடிந்ததும் ஆடி பிறக்கட்டும் என்றார்கள். எவளும் கூடிப் பேசித் தீர்மானிக்கவில்லை. அவளவளுக்குத் தோன்றியது, அவ்வளவுதான்.

ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது குழலி சொன்னாள்: "எம்மா, கடுதாசி வராததும் ஒரு வகையில நல்லதுதான். வராத வரைக்கும் இல்லைன்னு யாரும் சொல்லலல்ல."

உலகம்மை எழுந்து தண்ணீர் மோக்கிற சாக்கில் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். சுவரிலும் அதுதான் அடித்தது. மகள் நம்பிக்கொண்டிருக்கிற சத்தத்தைத் தெருவே தலைக்கு வைத்துப் படுத்திருக்கிறது என்று அவளுக்குத் தெரிந்தது. அவளும்தான் படுத்திருந்தாள்.

பதினேழாவது வீடு இசக்கியுடையது. இசக்கி பத்தாவது வரை படித்தவள். இங்கிலீஷில் மட்டும் தோற்றவள். ஜூலை பதின்மூன்றாம் தேதி காலையில், பிள்ளை உறங்கட்டும் என்று மார்போடு அணைத்துக்கொண்டு, விளக்குக்குத் திரி கிள்ள வாளியைத் தூக்கினாள். பதினாறு வீட்டு எண்ணெயும் வாளியில் வழிந்து உறையில் இறங்கியிருந்தது. எண்ணெய் குடித்த தாள் கண்ணாடி ஆகிவிடும். தாள் ஒன்றாக இருந்ததால், மடிப்பு மெல்லியதாக இருந்ததால், வாசல் வெயிலில் அதன் உள்ளே இருந்த எழுத்து வெளியே வந்து நின்றது. இன்டர்வியூ என்கிற சொல் அவளுக்குத் தெரியும். இரண்டு மாசமாகத் தெரு அதைத்தான் பேசுகிறது. எண்கள் தெரியும். பன்னிரண்டு, பதின்மூன்று, பதினான்கு. ஜூலை. அவள் திரும்பிச் சுவரில் காலண்டரைப் பார்த்தாள். பிறகு பிள்ளையைப் பார்த்தாள். இதையெல்லாம் அவள் பின்னால் சொன்னாள். பிள்ளையை எழுப்பிவிடாமல் மெல்ல நடந்து போய், கிணற்றடியில் நின்ற குழலியின் கையில் கடிதத்தைக் கொடுத்ததையும் சொன்னாள்.

உலகம்மைக்குத் தெரிந்தது வேறு. அவள் ஒரு பீடியைப் பாதி உருட்டியிருந்தாள். அடுத்த அடிக்காகக் கை காத்தது. அடி விழவில்லை. இன்னும் காத்தது. விரலுக்குள்ளிருந்து இலை தானாகப் பிரிந்து தூள் மடியில் கொட்டியது. தெருவில் பதினெட்டுக் கத்தரிகள் நின்றன. குடத்தில் இல்லை, அண்டாவில் இல்லை, சுவரில் இல்லை. எங்கோ இசக்கியின் பிள்ளை வீறிட்டது, அதுதான் ஒரே சத்தம். எம் பிள்ளை செத்துட்டா என்று உலகம்மையின் வாயில் வந்தது, சொல்லாமல் ஓடினாள்.

குழலி கிணற்றடியில் உட்கார்ந்திருந்தாள். கண் திறந்திருந்தது. மடியில் எண்ணெய்க் கடிதம். உலகம்மை குனிந்து அவள் மார்பில் கையை வைத்தாள். உள்ளே நெஞ்சு அடித்துக்கொண்டுதான் இருந்தது. வெளியேதான் கேட்கவில்லை.

குழலி அந்தக் கையைப் பிடித்து எடுத்து, ஏதோ ஒரு சாமானை எடுத்து வைப்பதுபோலத் தரையில் வைத்தாள்.

"இந்தக் கைதானம்மா ஏந்திப் பாத்தது?"

இசக்கி எல்லாம் சொல்லியிருந்தாள். உலகம்மை தரையில் கிடந்த தன் கையைப் பார்த்தாள்.

"முந்தி வந்த ரெண்டும் அதே கனம்ட்டி. நீ தாங்கமாட்டேன்னுதான்..."

"நான் தாங்கமாட்டேனா, நீங்க தாங்கமாட்டியளா?"

மூன்று நாள் இன்டர்வியூ, நேற்று ஆரம்பித்தது, நாளையோடு முடிகிறது, ரயிலில் ஓர் இரவு தூரம் என்று குழலி கணக்குச் சொல்கிற மாதிரிச் சொன்னாள். எழுந்து போய் ஒரு தாவணியையும் மார்க் ஷீட்டையும் பையில் வைத்தாள். உலகம்மை சேலையை மாற்றப் போனாள். "நீ வரவேண்டாம்" என்றாள் குழலி, திரும்பாமல். பதினொரு மணிக்கு வந்த மரியசெல்வம், நடந்ததைக் கேட்டு, கடிதப் பையைக் கழற்றி ஆவுடைத்தங்கத்திடம் கொடுத்தார்.

"இத ஆபீஸ்ல ஒப்படச்சிருங்க. என் கையால பிந்தின தபால். நானே காலேஜுக்குப் போய்ச் சொல்லுதேன்."

காக்கிச் சட்டையோடு அவர் முன்னால் நடக்க, குழலி பின்னால் நடந்தாள். அம்மன் கோவில் படியைத் தாண்டும்போது அவள் எந்த வீட்டையும் பார்க்கவில்லை.

மறுநாள் முழுக்கத் தெருவில் யாருக்கும் கை ஓடவில்லை. உருட்டிய பீடி எல்லாம் ஒன்று குண்டாகவும் ஒன்று ஒல்லியாகவும் வந்தன. சாயங்காலம் கட்டுகளை ஏந்திப் பார்க்கச் சொல்லி யாரும் உலகம்மையிடம் நீட்டவில்லை. அவளும் கையைச் சேலைக்குள் வைத்திருந்தாள். பிறைசூடன் ஊருணித் தெருக் கட்டு ஒன்று விடாமல் கழித்தார். நானூறு கல்லுக்கு அப்பால் ஒரு அறையில் யார் யாரோ குழலியிடம் என்னவோ கேட்டுக்கொண்டிருந்தார்கள். எப்போது பயந்தாள், எப்போது தைரியம் வந்தது என்று சொல்ல ஒரு செம்பு கூட அந்தத் தெருவில் இல்லை.

குழலி திரும்பி வந்து இரண்டு நாள் கழித்துத்தான் உலகம்மை வாயைத் திறந்தாள்.

"என்னட்டி கேட்டாவ?"

"ஏன் பிந்தி வந்தேன்னு கேட்டாவ."

"நீ என்ன சொன்ன?"

"எங்க அம்மைக்கு என் மேல நம்பிக்கை இல்லன்னு சொல்லல. தபால் பிந்திருச்சுன்னேன். மரியசெல்வம் அண்ணாச்சி ஆமான்னாவ."

அவ்வளவுதான் சொன்னாள். உலகம்மை உட்கார்ந்த இடத்தில் உட்கார்ந்திருந்தாள். அடுப்பில் சோறு குழைந்து, கரிந்து, வாசம் தெருவுக்கு வந்து, ஆவுடைத்தங்கம் வந்து இறக்கி வைத்தாள்.

ஆடிக்கடைசியில் நாலாவது கடிதம் வந்தது. மரியசெல்வம் குழாயடியிலிருந்தே விடாமல் மணி அடித்துக்கொண்டு வந்து குழலியின் கையில் கொடுத்தார். ஒற்றைத் தாள். குழலி படித்துவிட்டு, "இடம் கெடச்சிருச்சு" என்றாள். உலகம்மை கையை நீட்டாமலே அந்தத் தாளைப் பார்த்தாள். வா என்று சொல்வதற்கும் வராதே என்று சொல்வதற்கும் கல்லூரிக்காரர்களிடம் ஒரே கனம்தான் இருந்திருக்கிறது. முப்பது வருஷம் அவள் கை கற்றது அத்தனையும் பீடிக்கு மட்டும்தான். இது அவளுக்கு முன்னாலேயே தெரிந்திருக்க வேண்டும். அந்தத் தயக்கம், அந்த இமைக்கிற நேரம், அதை அவள் சாகிற வரைக்கும் மறக்கமாட்டாள்.

குழலி டிரங்குப் பெட்டியோடு பஸ் ஏறின அன்றைக்கு, பஸ் திரும்புகிற முக்கில், தெருவில் மறுபடி கேட்டது. குடத்தில், அண்டாவில், கிணற்று உறையில். கத்தரிகள் நின்றன. இசக்கியின் பிள்ளை அழுகையை நிறுத்தியது.

"மன்னிச்சிட்டா பாத்தியளா" என்று ஆவுடைத்தங்கம் கண்ணைத் துடைத்தாள். "போற வழிக்குப் பிள்ளை மனசு எளகிட்டு."

இசக்கி தலையைச் சாய்த்துக் கேட்டாள். "இது குழலி இல்ல மைனி. குழலியோடது குருத்து. இது பழசு. நடுவுல இருமல் விழுது பாருங்க."

எல்லோரும் திரும்பி உலகம்மையைப் பார்த்தார்கள். அவள் இருமினாள். முப்பத்தோரு வீட்டுப் பாத்திரமும் அவளோடு இருமியது.

அதற்கும் தெரு பழகிவிட்டது. கனமான, நின்று நின்று நடக்கிற நெஞ்சு. அதற்கேற்ற மாதிரிக் கை மெதுவானது, பீடி தடித்தது, பிறைசூடன் முனகிக்கொண்டே எடுத்துக்கொண்டார். குழலி மாசத்துக்கு இரண்டு கடிதம் போட்டாள். சுருக்கமாக எழுதுவாள், தமிழில். உலகம்மை எழுத்துக் கூட்டிப் படிக்கிற வரைக்கும் தெரு மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கும். ஒருதரம் காய்ச்சல் என்று எழுதியிருந்தாள், அன்றைக்கு நெஞ்சு ஓடிய ஓட்டத்தில் தளவாய்க்கிழவன் மறுபடி விழுந்து இடுப்பைப் பிசக்கிக்கொண்டான், கிணற்றுத் தவளைகள் படியேறி வந்தன.

ஐப்பசியில் ஒரு செவ்வாய்க்கிழமை பீடிக்கடை அடைத்திருந்தது. உலகம்மை வழக்கத்துக்கு முன்னாலேயே திரும்பி வந்தாள். அம்மன் கோவில் படியில் கால் வைக்கும்போது தெருவின் நடுவில் ஆறாவது வீட்டு வாசலில் பெண்கள் நிற்பதைப் பார்த்தாள். ஆவுடைத்தங்கம் எண்ணெய் வாளியைப் பிடித்துக்கொண்டிருந்தாள். ஆறாவது வீட்டுக்காரி, வாளிக்கு அடியிலிருந்து எடுத்த ஏதோ ஒன்றை, வலது உள்ளங்கையில் வைத்து, ஒருதரம் ஏந்தினாள். ஏந்திவிட்டு உதட்டைப் பிதுக்கினாள்.

அந்த ஏந்தல் உலகம்மைக்குத் தெரியும். அவள்தான் அதை அவர்களுக்குப் பழக்கியது.

அவள் நடப்பதற்கு முன்னால் அவள் நெஞ்சு தெருவுக்குள் போய்விட்டது. குடங்கள் அதிர்ந்தன. பெண்கள் திரும்பினார்கள். எவளும் கையை மறைக்கவில்லை, மறைக்கத் தோன்றவில்லை.

"எத்தன நாளாச்சு வந்து?"

மரியசெல்வம் சைக்கிளைப் பிடித்தபடி ஓரத்தில் நின்றுகொண்டிருந்தார். "வியாழக்கிழமை வந்தது யக்கா. அஞ்சு வீடு தாண்டிட்டு" என்றார் தரையைப் பார்த்து.

"ஒத்தத் தாளா இருந்துதுல்லா மைனி" என்றாள் ஆவுடைத்தங்கம். "மறுபடி காய்ச்சல் கீச்சல்னு எழுதியிருப்பான்னுதான்... ஒங்களுக்காகத்தான்."

உலகம்மை உறையை வாங்கினாள். ஏந்திப் பார்க்கவில்லை. ஓரத்தைக் கிழித்து, விரலை எழுத்துக்கு அடியில் வைத்து, ஒவ்வொன்றாகக் கூட்டி, தெருவே கேட்கும்படி படித்தாள்.

"அ... ம்... மை... அம்மைக்கு. வர்ற ஞாயித்துக்கிழமை எங்க வகுப்புக்கு வெள்ளக் கோட்டு போட்டுவிடுற விழா. வீட்டுல இருந்து ஒருத்தர் வந்து அவங்க கையால போட்டுவிடணுமாம். நீ வா. ஒன் கையால போட்டுவிடு. பத்து மணிக்கு. நான் கேட்டுக்குப் பக்கத்துல நிப்பேன்."

ஞாயிற்றுக்கிழமை போய் இரண்டு நாள் ஆகியிருந்தது.

கடைசி எழுத்தில் வைத்த விரலை அவள் எடுக்கவில்லை. ஆவுடைத்தங்கத்துக்குத்தான் முதலில் உறைத்தது, கையிலிருந்த வாளி அதிரவில்லை என்று. பிறகு மற்றவர்களுக்கு. குடத்தில் இல்லை, அண்டாவில் இல்லை, சுவரில் இல்லை. உலகம்மை அவர்கள் நடுவில்தான் நின்றாள், மூச்சு வாங்கிக்கொண்டு, கண்ணைத் திறந்துகொண்டு.

அவள் வீட்டுக்குள் போகவில்லை. கடிதத்தை இடுப்பில் செருகிக்கொண்டு, உடுத்தின சேலையோடு, வந்த வழியே திரும்பி நடந்தாள். மகள் இரண்டு நாள் பிந்திப் போன அதே பஸ்ஸுக்கு. "யக்கா, நானும் வாரேன்" என்று மரியசெல்வம் சைக்கிளைச் சாத்தினார். "நீரு வரவேண்டாம்" என்றாள், திரும்பாமல்.

பஸ் கிளம்புகிற சத்தம் வந்து அடங்கிற்று. இசக்கியின் பிள்ளை அழுதுகொண்டிருந்தது, இசக்கி அதைத் தட்டிக்கொடுக்க மறந்திருந்தாள். ஊருணித் தெருவில் முப்பத்தோரு வீட்டிலும் ஒவ்வொருத்தியும் மெல்ல வலது கையைத் தூக்கி, தன் நெஞ்சில் வைத்து, இருக்கிறதா என்று பார்த்தாள்.